எங்கே நின்றது என்று கேட்டவர்

மெயில் போகவில்லை என்று அவரிடம் யார் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "திரையில என்ன எழுதியிருக்கு? வாசிங்க அண்ணாச்சி."

நான் வாசித்திருக்க மாட்டேன். திரையில் சிவப்பாக ஏதாவது முளைத்தால் உடனே அதை மூடிவிடுவது என் வழக்கம். தில்லியில் முப்பது வருஷத்துக்கு மேல் அலுவலகங்களில் காலம் தள்ளியவன் நான். கெட்ட செய்தியை மூடிவைக்கத் தெரியாமல் இந்த ஊரில் யாரும் மேனேஜர் ஆனதில்லை. "ஏதோ எர்ரர் மேடம், மூடிட்டேன்" என்பேன். அவர் திட்ட மாட்டார். "சரி, மறுபடி அனுப்புங்க. மறுபடி வரும். இந்தத் தடவ மூடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனைக் காதில் வைத்தபடி காத்திருப்பார். அந்தப் பக்கம் சில நாள் குக்கர் விசில் கேட்கும், சில நாள் மெட்ரோவில் கதவு மூடப்போகும் அறிவிப்பு கேட்கும். நான் எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். நடுவில் ஒரு வார்த்தையை நான் முழுங்கினால் கண்டுபிடித்துவிடுவார்.

அண்ணாச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. நான் திருச்சிக்காரன். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடை. அவர் திருநெல்வேலி. கல்யாணமாகித் தில்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் ஹிந்தியைக்கூடத் திருநெல்வேலி இழுவையில்தான் பேசுவார். ஆட்டோக்காரர்கள் பேரம் பேச மறந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். அந்த அண்ணாச்சியில் மரியாதைதான் இருந்தது என்று எனக்குப் புரிந்தபோது, வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிடாததில் ஒரு குறை வந்துவிட்டது.

எங்களுடையது ஒரு சின்ன அறக்கட்டளை. மயூர் விஹாரில் ஒரு மார்க்கெட்டின் பின்பக்கம், சமோசாக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இரண்டு அறைகள். தமிழ்நாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்து சிக்கிக்கொண்டவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று பலர் வருவார்கள். அவர்களுக்காக ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கத்துக்கும் எழுதிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை. முன்பெல்லாம் நேரில் போய் நின்றோம். இப்போது எல்லாம் மெயில். மெயில் நின்றால் அறக்கட்டளை நின்றது என்று அர்த்தம். அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் நெட்வொர்க் பிரிவில் அதிகாரி. எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, சொசைட்டி என்று நாங்கள் சொல்லும், நானும் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியிருந்தார். எங்கள் செயலாளர் கேட்டுக்கொண்டதற்காகச் சனிக்கிழமைகளில் வந்து எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொடுப்பார்.

எங்கள் மெயில் நேராக வெளியே போகாது. என் கணினியிலிருந்து கிளம்பி, மூலையில் இருக்கும் ஒரு பெட்டிக்குப் போகும். அதுதான் எங்கள் தபாலாபீஸ். அங்கிருந்து ஃபயர்வால் என்ற இன்னொரு பெட்டியைத் தாண்டித்தான் வெளியுலகத்துக்குப் போகவேண்டும். ஃபயர்வால் என்பது எங்கள் சொசைட்டி கேட்டில் நிற்கும் சௌகிதார் மாதிரி. எந்தக் கதவு வழியாக யார் போகலாம், யார் வரலாம் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். சொல்லாத கதவை அவன் திறக்க மாட்டான். ஏன் திறக்கவில்லை என்றும் சொல்ல மாட்டான். இந்த அளவுக்கு எனக்கு விளங்கவைத்தது அவர்தான். விளங்காமல் இருந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன் என்பதும் உண்மை.

அவருடைய குணம் என்னவென்று முதன்முதலில் நான் பார்த்தது, இன்டர்நெட் கம்பெனியை மாற்றியபோது. புதிய கம்பெனியின் ஆள் வந்து கம்பிகளை மாட்டிவிட்டுப் போனான். அன்று மத்தியானத்திலிருந்து மெயில் போகவில்லை. அவனைக் கூப்பிட்டால், நெட் நன்றாக இருக்கிறது, உங்கள் மெயில் பெட்டிதான் கெட்டுவிட்டது என்றான். பெட்டி விற்றவனைக் கூப்பிட்டால், பெட்டி நன்றாக இருக்கிறது, நெட்தான் சரியில்லை என்றான். இது தில்லிக்குப் புதிதல்ல. ஒவ்வொருவனும் அடுத்தவன் வீட்டு வாசலைப் பெருக்கச் சொல்லிக் கைகாட்டும் ஊர் இது. நானும் என் பங்குக்கு இருவரையும் மாற்றி மாற்றித் திட்டினேன்.

சனிக்கிழமை அவர் வந்தார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஃபோனில் பிடித்தார். யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டாம், மெயில் எங்கே நின்றது என்று மட்டும் பார்ப்போம் என்று தன்னுடைய ஹிந்தியில் சொன்னார். என் கணினியிலிருந்து பெட்டிக்கு வந்ததா, வந்தது. பெட்டியிலிருந்து கிளம்பியதா, கிளம்பியது. ஃபயர்வாலைத் தாண்டியதா, தாண்டவில்லை. கம்பி மாட்ட வந்தவன் ஃபயர்வாலில் தன் வழக்கப்படி எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, வெப்சைட் பார்க்கும் கதவை மட்டும் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தான். மெயில் போகும் கதவு அவன் நினைவிலேயே இல்லை. நான் பாய்வதற்குத் தயாரானேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "தம்பி, நின்ன இடம் கிடைச்சாச்சு, இனி வேலை சுலபம்" என்று அவனிடம் சொன்னார். ஜெயித்த தொனி கொஞ்சமும் இல்லை. சாவி கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்வதுபோல இருந்தது.

எங்கள் செயலாளர் ஒரு மந்திராலயத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். ஆனால் எதுவும் ஜல்தி நடக்கவேண்டும். அன்றைக்கு அவருக்கும் பொறுமை போய்விட்டது. "அரே, அந்த ஃபயர்வால் பெட்டியையே கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிடுங்கம்மா. மெயிலெல்லாம் போனதும் ஆன் பண்ணிக்கலாம்" என்றார்.

மேடம் சிரித்துக்கொண்டே மறுத்தார். "கதவக் கழட்டி வச்சா காத்து நல்லாத்தான் வரும் சார். காத்து மட்டுமா வரும்? எத்தன பேரு ஆதார், பாஸ்போர்ட்டு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு இந்த மெயில் பெட்டிக்குள்ள கெடக்கு. அவுகல்லாம் நம்மள நம்பித்தான குடுத்திருக்காக."

செயலாளர் மேலும் இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார். அந்த அம்மாள் அசையவில்லை. மெயில் போகும் ஒரு கதவை, அந்த மெயில் பெட்டிக்கு மட்டும் திறந்துவிட்டார். அடைந்து கிடந்ததெல்லாம் கடகடவென்று கிளம்பிப் போனது. போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று, மெயில் போன இடத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். சேர்ந்துவிட்டது என்று கேட்டபிறகுதான் டீ குடித்தார்.

வெளியில்தான் இப்படி, வீட்டில் எப்படியோ என்று நான் நினைத்ததுண்டு. வீட்டிலும் அப்படியேதான். அவர் மகள் தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் ஓடிவிடுவாள். கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வந்த நாளில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அம்மா சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, எந்த வரி வரைக்கும் புரிந்தது, எந்த வரியில் புரியாமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், பிரச்சினை அந்தப் பாடத்திலேயே இல்லை, போன வருஷம் காய்ச்சலில் பள்ளிக்குப் போகாத வாரத்தில் நடந்த பாடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பெண் வாசல்வரை வந்து என்னை வழியனுப்பும்போது, "அங்கிள், மம்மி நாலு அடி அடிச்சிருந்தா ஜல்தி முடிஞ்சிருக்கும்" என்றாள். எனக்கு அவள் மேல் இரக்கமாகத்தான் இருந்தது.

சொசைட்டியில் பலருக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். தண்ணீர் ஏன் மேல்மாடிக்கு ஏறவில்லை என்று கூட்டம் போட்டால், பம்ப் ஆபரேட்டரைத் திட்டிவிட்டு பிஸ்கட் சாப்பிடுவதுதான் வழக்கம். இவர் வந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் சொசைட்டித் தலைவர் வீட்டுச் சமையலறையில் ரகசியமாகப் போட்ட கூடுதல் இணைப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு, அதே சாந்தமான குரலில், இங்கே நிற்கிறது என்பார். தலைவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. நான் மனிதர்களைச் சமாளித்தே பிழைத்தவன். எனக்கு இந்த மாதிரி ஆளோடு பழக்கமில்லை. ஆனாலும் சொல்கிறேன், வாழ்க்கையில் நான் மனதுக்குள் எழுந்து நின்று மரியாதை செய்த ஆட்கள் மிகச் சிலர். அவர்களில் இவர் ஒருவர். சில வருஷங்களுக்கு முன்பு மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் பேரை இங்கே எழுதினால், எதற்கு எழுதினீர்கள் என்று ஆரம்பித்து என்னை ஒரு வழி பண்ணிவிடுவார், அதனால் எழுதவில்லை.

செல்வி விஷயத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

செல்வி கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். மார்க்கெட்டுக்குப் பின்னால் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். புருஷன் கொத்தனார், வளைகுடாவுக்குப் போயிருந்தான். போன இடத்தில் கம்பெனி மூடிவிட்டது. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொண்டு மறைந்துவிட்டான். அப்படிச் சிக்கியவர்களை அங்கிருந்த நம் தூதரகம் குழுகுழுவாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. குழுவில் சேர, குடும்பத்தார் கையெழுத்திட்ட காகிதங்கள் குறித்த நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். ஏஜெண்டுகளின் மோசடி அதிகமாகிவிட்டதால், பதிவுசெய்த அமைப்புகளின் மெயிலிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் அவள் எங்களிடம் வந்தாள். ஊரில் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அவரு வந்து அவங்கப்பா மொகத்தப் பாத்துடணும் சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவாள்.

நோட்டரி முத்திரையோடு காகிதங்கள் முழுதாகக் கையில் வந்தபோது போகிப் பண்டிகை மத்தியானம். மறுநாள் கடைசி நாள். ஸ்கேன் செய்து அனுப்பினேன். அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது. போயாச்சு என்று செல்வியிடம் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் பொங்கல். தில்லி முழுவதும் வேலை செய்தாலும் எங்கள் அலுவலகம் பொங்கலுக்குப் பூட்டிவிடும். பூட்டினோம்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில், பனிமூட்டத்தில் எதிர்க்கடை தெரியவில்லை. நான் கதவைத் திறக்கும்போதே செல்வி எவர்சில்வர் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். சர்க்கரைப் பொங்கல். எங்கள் எல்லாருக்கும் கொண்டுவந்திருந்தாள். நான் கணினியைத் திறந்தேன். எங்கள் மெயில் பெட்டியிலிருந்தே ஒரு கடிதம் வந்திருந்தது. போகியன்று அனுப்பியது இன்னும் வெளியே போகவில்லை, திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறேன் என்று சொன்னது. அனுப்பப்பட்டது என்று நான் பார்த்தது, என் மேசையிலிருந்து மூலைப்பெட்டிக்குப் போனதைத்தான். அன்றைக்கு நான் எதையும் மூடவில்லை. உடனே அவருக்கு ஃபோன் செய்தேன்.

அவர் ஆபீஸ் போக மெட்ரோ வாசலில் நின்றிருந்தார். அப்படியே திரும்பி வந்தார். மஃப்ளரைக்கூட அவிழ்க்காமல் மூலையில் உட்கார்ந்தார். செயலாளரும் வந்துவிட்டார். மெயில்கள் எல்லாம் பெட்டியில் அடைந்து கிடந்தன. ஃபயர்வாலில் மெயில் போகும் கதவு சாத்தியிருந்தது. அதை முதலில் திறந்துவிட்டார். செல்வியின் காகிதங்கள் கிளம்பிப் போயின. அதன்பிறகுதான் கதவு எப்படிச் சாத்திக்கொண்டது என்று தேட ஆரம்பித்தார். அந்த ஃபயர்வால் பெட்டி போகியன்று காலை ஒருமுறை அணைந்து எரிந்திருந்தது.

எங்கள் பியூன் கிஷோரின் முகம் செத்துவிட்டது. அன்று காலை குளிர் தாங்கவில்லை என்று ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து, கரண்டு போனாலும் மூலைப் பெட்டிகள் கொஞ்ச நேரம் அணையாமலிருக்க வைத்திருந்த யூ.பி.எஸ்.ஸின் பிளக்கில் சொருகியிருக்கிறான். யூ.பி.எஸ். கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது. ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினான், எல்லா விளக்கும் எரிந்தது, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டான். அதைச் சொன்னதும் செயலாளர் பொங்கிவிட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். நாற்பது வயது ஆள், தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நின்றான். எனக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆள் கிடைத்துவிட்டான் அல்லவா.

அவர் கையை உயர்த்தினார். "ஹீட்டரால பெட்டி அணைஞ்சுது, சரி. இந்த ஊர்ல கரண்டு போகாத நாளு உண்டா? அணைஞ்சு எரிஞ்ச பெட்டி கதவத் தெறக்க ஏன் மறந்துச்சு? அதுல்லா கேள்வி."

அதற்குப் பிறகு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர் சொன்னதைக் கிஷோருக்கும் புரியவேண்டும் என்று ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னார். இன்டர்நெட் கம்பெனி மாறியபோது கதவைத் திறந்துவிட்ட அன்று, அந்த மாற்றத்தைப் பெட்டியில் நிரந்தரமாகப் பதியவைக்க இன்னும் ஒரு பொத்தானை அமுக்கவேண்டும். அமுக்காவிட்டாலும் மெயில் போகும். மின்சாரம் போய் வந்தால் மட்டும் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். "அந்தப் பொத்தான நான் அமுக்கல. மறந்துட்டேன். தப்பு என்னுது" என்றார்.

செயலாளர், அதெல்லாம் ஒன்றுமில்லை, இவன் ஹீட்டர் போடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார். அன்றைக்கு என்ன அவசரமோ, யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நானும் தாங்கிப்பிடித்தேன். "காரணம் வேற, தப்பு வேற அண்ணாச்சி" என்றார். அந்தப் பொத்தானை அமுக்கினார். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு தாமதமாகிவிட்டது என்று ஆபீசுக்குக் கிளம்பினார். செல்வி வெளி அறையில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது. பதில் வந்ததும் தானே வந்து அவளிடம் பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பதில் மத்தியானமே வந்துவிட்டது. மரியாதையான பதில். இந்தக் குழுவின் பெயர்கள் நேற்று மாலையோடு முடிந்துவிட்டன, இவருடைய பெயரை அடுத்த குழுவில் சேர்த்திருக்கிறோம், நாள் இன்னும் முடிவாகவில்லை. செயலாளர் செல்வியைக் கூப்பிட்டு, அங்கே ஏதோ தாமதம், அடுத்த தடவை கட்டாயம் வந்துவிடுவான் என்று சொன்னார். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். அன்று இரவே மாமனாருக்கு முடியவில்லை என்று தகவல் வந்து, கிடைத்த ரயிலில் ஊருக்குப் போய்விட்டாள்.

மேடம் மறுநாள் வந்தபோது செல்வி இல்லை. அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அவர் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். அதன்பிறகு அவரே அந்தத் தூதரகத்துக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தார், கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த குழு கிளம்ப மாசி பிறந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெரியவர் போய்விட்டார். மகன் வந்து இறங்கியது காரியம் முடிப்பதற்குத்தான்.

அவர்கள் இருவரும் தில்லிக்குத் திரும்பினார்கள் என்று தெரிந்ததும், போய் நடந்ததைச் சொல்லப்போவதாக மேடம் அறிவித்தார். செயலாளர் வேண்டாம் என்றார். டிரஸ்டின் பெயர் என்ன ஆகும், போன உயிர் திரும்பி வருமா, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை ஏன் கீறவேண்டும் என்றெல்லாம் கேட்டார். எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அன்று மேடம் மேல் கோபமே வந்தது. தன் மனசாட்சியைச் சுத்தம் செய்துகொள்ள அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் போய்க் கை கழுவுவானேன் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை காலை போவதாக மட்டும் சொன்னார். நீங்களும் கூடப் போங்கள், அதிகம் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செயலாளர் என்னை அனுப்பிவைத்தார்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், தார்ப்பாய் போட்ட ஒற்றை அறை. புருஷன் மொட்டைத் தலையில் முடி முளைக்காமல், எலும்பும் தோலுமாக இருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை மேடத்துக்குப் போட்டான். நீங்கள் எல்லாரும் இல்லாவிட்டால் நான் அங்கேயே கிடந்திருப்பேன் என்று நன்றி சொன்னான். செல்வி வாசலுக்கு வெளியே அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துக்க வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "தம்பி, நீங்க முந்தின குழுவுலயே வந்திருக்கணும். ஒங்க வீட்டுல காகிதத்தச் சரியான நாள்ல குடுத்துட்டாக. எங்க ஆபீசுல இருந்துதான் வெளிய போகல. ஒரு பெட்டியில நான் செய்ய வேண்டிய ஒரு வேலைய மறந்துட்டேன். அதனாலதான் ஒங்கப்பாவ நீங்க பாக்க முடியாமப் போச்சு. மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. ஆனா நீங்க தெரிஞ்சுக்கணும்."

அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிச் சிவந்துகொண்டே வந்தது. அடிக்க எழுந்துவிடுவானோ என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"இத ஏன் இப்ப வந்து சொல்றீங்க?" என்றான். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"தெரியாம இருந்தா, நீங்களா யாரையாவது நெனச்சுக்குவீங்கல்லா" என்றார் அவர்.

அவன் தலை மெல்லக் குனிந்தது.

"நெனச்சுட்டேம்மா" என்றான். "கேம்ப்புல எங்கூட இருந்தவனுங்க எல்லாருக்கும் வூட்லேர்ந்து பேப்பர் வந்துடுச்சு. எனக்கு மட்டும் வரல. இவதான் அலட்சியமா இருந்துட்டான்னு நெனச்சேன். ஃபோன்ல கண்டபடி பேசினேன். எங்கப்பாவக் கொன்னதே நீதான்னு சொன்னேன். வந்ததுலேர்ந்து இவகிட்ட நான் பேசல."

வாசலில் செல்வி திரும்பியிருந்தாள். கையில் டீ வடிகட்டி அப்படியே நின்றது. அவள் மேடத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"போகியன்னிக்கே குடுத்துட்டேன்னு சொன்னேன்" என்றாள் அவனிடம்.

"சொன்ன" என்றான் அவன்.

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அதை யாரும் இறக்கவில்லை. அவள் உள்ளே வந்து, அவன் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மாமா, மாமா என்று செத்துப்போன மாமனாரைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். அதுவரை அவளை யாரும் அழவிட்டிருக்கவில்லை.